முறைப்பாடு: மன்னார்க் கரையில் ஒரு சொல்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல்தான். இந்திய இழுவைப்படகு ஒன்று இரவில் வந்து பேசாலை மீனவர் விரித்த வலையை அறுத்துப் போனால், விடிந்ததும் அவர் பொலிசிலோ கடற்றொழில் திணைக்களத்திலோ செய்வது 'முறைப்பாடு'. அதே படகைக் கடற்படை பிடித்து வைத்துக்கொண்டால், இராமேசுவரத்தில் படகுக்காரரின் வீட்டார் கொடுப்பது 'புகார்'. இரு கரையாரும் பேசுவது தமிழ். இரு கரையாரும் ஒரே கடலில் முத்துக் குளித்தவர்கள். ஆனாலும் தமக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்ல அவர்கள் எடுக்கும் சொல் வேறு. கதிரை, நாற்காலி போல இதுவும் ஒரு வட்டார வேற்றுமை என்று விட்டுவிடலாம். அப்படி விடக்கூடாது என்பதே என் வாதம். மன்னாரின் கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் ஆட்சி மாறும்போதெல்லாம் அலுவலகத்தின் பெயர் மாறியது, தாளின் பெயர் மாறியது, எழுதும் மொழியும் மாறியது. முறையிடுதல் என்ற செயலின் பெயர் மட்டும் தமிழாகவே நின்றது. அந்தப் பெயருக்குள் இருக்கும் 'முறை', சொல்பவருக்கு மட்டுமல்ல, கேட்பவருக்கும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. ஒரு முறைப்பாடு முறைப்பாடாக நிற்பதும் வெறும் புறுபுறுப்பாகத் தேய்ந்துபோவதும் பெரும்பாலும் அதை ஏற்க வேண்டியவரைப் பொறுத்தது. இதற்கு மன்னாரைவிடத் தெளிவான சான்று இலங்கையில் அரிது.

புகாரை முதலில் பார்த்துவிடலாம். சிலப்பதிகாரத்துப் புகார் நகரத்தையும், அந்த நகரிலிருந்து மதுரைக்குப் போய் அரசன் முன் வழக்குரைத்த கண்ணகியையும் சேர்த்துப் பார்த்தால், அவளது ஊர்ப்பெயரே முறையீட்டுக்குப் பெயராகிவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். அழகான எண்ணம்தான், ஆனால் பொருந்தாது. நகரத்தின் பெயர், ஆறு கடலில் புகும் இடத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். முறையீட்டைக் குறிக்கும் புகாரோ இந்துஸ்தானியிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கூவுதல், உரக்க அழைத்தல் என்று பொருள். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி, தஞ்சை மராட்டியர் ஆட்சி, அவற்றின் கணக்குகளையும் வழக்கங்களையும் எடுத்துக்கொண்ட கும்பினியின் வருவாய்த் துறை ஆகியவற்றின் வழியே தமிழகத்தில் ஊன்றிய சொற்கள் பல: ஜில்லா, தாலுகா, தாசில்தார், வக்கீல், ஜாமீன், ரத்து. பாரசீகத்தின் 'ஃபர்யாத்' தமிழில் 'பிராது' ஆயிற்று. அதுவும் கூக்குரல்தான். மன்னாருக்கு நேரெதிரே தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தில் 'ஆவலாதி' என்றொரு சொல்லும் உண்டு. ஓயாமல் குறை சொல்பவரை அங்கே ஆவலாதி சொல்கிறார் என்பார்கள். இவற்றில் எதையும் தாழ்த்த நான் இதைச் சொல்லவில்லை. கூக்குரல் எந்தச் சட்டத்தைவிடவும் பழையது. ஆனால் கூக்குரலைப் பெயராகக் கொண்ட சொல்லும் முறையைப் பெயராகக் கொண்ட சொல்லும் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல.

பாரசீக ஆட்சிமொழியின் படிவு மன்னாரில் படியவே இல்லை. 1560இல் போர்த்துக்கேயத் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டையை எழுப்பினார். புன்னைக்காயலில் வடுகரின் தாக்குதலுக்கு ஆளான பரவர் பலரையும் அவர் அங்கே கொண்டுவந்து குடியேற்றினார். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். ஒவ்வொருவரும் தங்கள் சொற்களை விட்டுப்போனார்கள். காணிப் பதிவேடு 'தோம்பு' ஆனது. 'பிஸ்கால்', 'நொத்தாரிசு', 'பிரக்கிராசி' ஆகியவை நீதிமன்ற வாசலில் இன்றும் புழங்குபவை அல்லது அண்மைக்காலம்வரை புழங்கியவை. இந்துஸ்தானிச் சொல் ஒன்றும் வந்தது, பின்வாசலால். 1796 முதல் இலங்கையின் கரையோரத்தைச் சென்னையிலிருந்து கும்பினி ஆண்ட சில ஆண்டுகளில், சென்னை அமில்தார்கள் வரி வாங்க வந்தார்கள். அவர்களோடு 'கச்சேரி' வந்தது. அந்த ஆட்சியின் வரிகளுக்கும் அமில்தார்களுக்கும் எதிராக 1797இல் கலகம் மூண்டது. டி மியூரன் தலைமையிலான குழு மக்களின் குறைகளை விசாரித்தது. அமில்தார் முறை நீக்கப்பட்டது. அமில்தார்கள் போனார்கள், கச்சேரி தங்கிவிட்டது. தமிழகத்தில் அந்தச் சொல் மெல்ல மெல்ல இசை மேடைக்கு ஒதுங்க, இங்கே மாவட்டச் செயலகம் என்று பலகை மாற்றி எழுதிய பின்பும் சனங்கள் 'கச்சேரிக்குப் போறன்' என்றே சொல்கிறார்கள். அதே வழியில் புகாரும் பிராதும் வந்து தங்கியிருக்கலாம். தங்கவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது, அது தன் வேலையைச் செய்துகொண்டும் இருந்தது என்பதே இதற்கு நான் காணும் காரணம். ஐரோப்பியர் வழி வந்த 'பெட்டிசம்' கூடத் தாளை மட்டும்தான் பிடித்துக்கொண்டது. அதுவும் நல்ல பெயரோடு அல்ல. 'பெட்டிசம் போட்டிட்டான்' என்றால் முதுகுக்குப் பின்னால் எழுதிவிட்டான் என்ற தொனி கேட்கும். பெயர் போடாமல் எழுதியது மொட்டைப் பெட்டிசம். முறைப்பாட்டில் மொட்டை இல்லை. செய்தவர் யார் என்பது அதன் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது? 'முறை' என்பதற்கு ஒழுங்கு, வரிசை, உறவு, நீதி என்று பல பொருள் உண்டு. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் அது நீதி என்ற பொருளிலேயே வருகிறது. குடிகள் எளிதில் அணுக முடியாத அரசன், முறை செய்யாத அரசன் என்று அங்கே கடியப்படுகிறான். ஓலமிடுதல், கூச்சலிடுதல் போல 'முறையிடுதல்' என்பதிலும் 'இடு' நிற்கிறது. 'இது முறையோ' என்று குரல் இடுவது அது. உடன்பாடு, கட்டுப்பாடு, ஏற்பாடு போல அமைந்தது முறைப்பாடு. தமிழக வாசகர் காதில் அது கண்ணால் முறைப்பதைப் போல விழக்கூடும், இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு இன்று அது என்ன சொல்கிறது என்று தீர்மானிக்க முடியாது என்று மொழியியலார் மறுப்பார்கள். மறுப்பு நியாயமானது. ஆகவே பிறப்பை விட்டுப் புழக்கத்தைப் பார்ப்போம். தமிழக நாளிதழில் ஒருவர்மீது 'ஊழல் புகார் எழுந்தது' என்று எழுதலாம். யார் சொன்னார் என்று கேட்க வேண்டியதில்லை, புகை எழுவதுபோல அது தானே எழும். இலங்கைத் தமிழில் முறைப்பாடு எழுவதில்லை. அதை ஒருவர் செய்கிறார், மற்றவர் பதிகிறார், ஏற்கிறார், விசாரிக்கிறார், அல்லது ஏற்க மறுக்கிறார். செய்தவருக்கு முறைப்பாட்டாளர் என்று பெயரும் உண்டு. ஆளில்லாமல் மிதக்கும் பழிக்கு 'குற்றச்சாட்டு' என்ற வேறு சொல் இருக்கிறது. கேட்க யாருமில்லாமல் தனக்குள் சொல்லிக்கொள்வதற்குப் 'புறுபுறுத்தல்' இருக்கிறது. அடுப்படியில் நின்று தனியே புறுபுறுக்கலாம், தனியே முறைப்பாடு செய்ய முடியாது. நெடுங்காலம் வழங்கிவந்த தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பும் இந்தக் கோட்டைக் கவனமாகப் போட்டிருக்கிறது: எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்கள் முறையிட்டார்கள், விடுதலைக்குப் பின் பாலைவனத்தில் முறுமுறுத்தார்கள். முன்னது கேட்கப்பட்டது, பின்னது கண்டிக்கப்பட்டது.

இதெல்லாம் கொழும்பில் அரசகரும மொழித் திணைக்களம் அச்சிட்ட சொற்றொகுதியின் வேலை, மக்களின் சொல் அல்ல என்றும் ஒருவர் சொல்லலாம். பொலிஸ் நிலையப் பலகையிலும் படிவத்திலும் இந்தச் சொல்லை நிலைப்படுத்தியதில் அரசுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. வாய்ப்பேச்சில் 'பொலிசில என்றி போட்டிட்டன்' என்று ஆங்கிலம் கலந்து சொல்வதும் உண்டு. ஆனால் 'திணைக்களம்' என்ற சொல்லை யாரும் செபத்தில் சொல்வதில்லை. முறையிடுதல் செபத்தில் இருக்கிறது. மன்னார் மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் மடுத் திருத்தலத்துக்கு ஆடியிலும் ஆவணியிலும் போகிறவர்கள் மாதாவிடம் செய்வது அதைத்தான். அந்தத் தலத்தின் தோற்றமே ஒரு முறைகேட்டிலிருந்து ஓடியவர்களின் கதை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது, மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் 1670இல் மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் போனார்கள் என்பது மரபு. அவர்கள் ஒல்லாந்தரின் நீதிசபைக்குப் போகவில்லை. அங்கே அவர்களது முறைப்பாட்டைக் கேட்க ஆளில்லை. 2008 ஏப்பிரலில் எறிகணைகளுக்கு நடுவே அந்தத் திருவுருவம் மறுபடியும் தூக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குப் போனது, ஓகஸ்டில் திரும்பியது. அரசும் கேட்காது, எதிர்நின்ற இயக்கமும் கேட்காது என்ற நிலையில் சனங்கள் மேல்முறையீட்டு மன்றமாக எதை வைத்திருந்தார்கள் என்பதை இது காட்டுகிறது. அலுவலகத்துக்கும் ஆலயத்துக்கும் ஒரே வினைச்சொல் பொருந்துவது, அது தாளில் பிறந்த சொல் அல்ல என்பதற்கு எனக்குப் போதிய சான்று.

கேட்பவரே முறைப்பாட்டை உண்டாக்குகிறார் என்பதைப் பார்க்க மன்னாரின் முத்துச் சலாபத்தை விட நல்ல இடம் இல்லை. அரிப்பிலும் பின்னர் மறிச்சுக்கட்டியிலும் சலாபக் காலத்தில் மணல்மேட்டில் ஒரு நகரம் முளைக்கும். பல்லாயிரம் பேர், நீதிமன்றம், மறியல், வைத்தியசாலை, எல்லாம் சில வாரங்களுக்கு. குளித்தவர்கள் சிப்பியைக் 'கொட்டு' என்ற வேலியடைத்த வளவுக்குள் கொண்டுவந்து மூன்று கூறாகக் குவிப்பார்கள். இரண்டு கூறு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. எந்த இரண்டு என்பதை அதிகாரி தெரிவார். இந்தப் பங்கீடு நியாயமா என்று கேட்க இடமில்லை. பங்கிட்ட விதத்தில் பிசகு நடந்தால் மட்டும் கேட்கலாம். 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் கொட்டுகளைக் கண்காணித்தவர்களில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் இலண்டனில் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் பெயர்பெற்றவர். அரபுக் கரையிலிருந்து வந்து குளித்தவர்கள் தன்னைச் சமமானவனாக எண்ணிப் பேசியதை அவர் வியந்து எழுதுகிறார். உள்ளூர்க்காரரிடம் அந்த நிமிர்வு இல்லை என்று அவருக்குப் பட்டது. ஆண்டாண்டாக அதே அரசின் கீழ் வாழப் போகிறவர்களும், காலம் முடிந்ததும் பாயை விரித்துக் கப்பலேறிப் போகிறவர்களும் எப்படி ஒரே குரலில் பேசுவார்கள்? அதை அவர் அங்கே யோசித்ததாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் யோசிக்க நேர்ந்தது. அங்கே பணியிலிருந்தபோது, குதிரையில் போகையில் வேண்டுமென்றே சவுக்கால் தன் முகத்தில் அடித்தார் என்று வழக்கறிஞர் ஒருவர் அவர்மேல் முறைப்பாடு செய்தார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் அதை ஆளுநர்வரை கொண்டுபோனது. வீதிக்குள் நீண்டிருந்த கட்டடத்தைச் சவுக்கால் சுட்டிக் காட்டினேன், அடிக்கவில்லை என்பது வூல்ஃபின் விளக்கம். அரசாங்கத்துக்கு அது போதும். ஆனால் 1961இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் அவர் வேறொன்றை ஒப்புக்கொள்கிறார். அடி விழவில்லை, ஆனாலும் அந்நியர் ஊரின் பெருந்தெருவில் குதிரைமேல் அமர்ந்து போவதே முகத்தில் அடித்ததற்குச் சமம், முறைப்பாட்டில் அந்த அளவில் உண்மை இருந்தது என்பது அவர் சொல்வதன் சாரம். சம்பவ அளவில் தவறாக இருக்கக்கூடிய ஒரு முறைப்பாட்டை முறை என்ற அளவில் சரியென்று, அதற்கு ஆளானவரே அரை நூற்றாண்டு கழித்து ஏற்றுக்கொண்டார்.

மிகக் கடுமையான மறுப்பு இனித்தான் வருகிறது. யாருடைய முறை? ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தபோது, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பமிட்டார்கள். அதில் கோவியர், பள்ளர், நளவர் அடிமைகளாக எழுதப்பட்டிருக்கிறார்கள். யார் யாருக்குச் சொந்தம், பிள்ளைகள் யாருக்குப் போவார்கள் என்பதெல்லாம் முறைப்படி இருக்கிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். அந்த முறைக்குக் கீழே கிடந்தவர் எந்த முறையைச் சொல்லி முறையிடுவது? முறையிடுவது என்றாலே மேலிருப்பவரின் ஒழுங்கை ஏற்றுக்கொண்டு, அதற்குள் நின்று இரப்பதுதானே? இந்த மறுப்பில் எனக்குப் பெருமளவு உடன்பாடு. மன்னாரின் வேறொரு நிகழ்வும் இதையே சொல்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார்த் தீவு உட்பட வடமாகாணம் முழுவதிலுமிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியாரும் மற்றோரும் கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு கற்பிட்டி, புத்தளம் பக்கம் போனார்கள். போகச் சொன்னவர்களும் தமிழில்தான் சொன்னார்கள். அன்று அந்தச் சனங்கள் முறையிட யாரிடம் போவது? 'முறை' என்ற சொல் எந்த மனிதரையும் தானாகக் காப்பாற்றிவிடாது என்பதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் மறுப்பு ஒன்றை விட்டுவிடுகிறது. முறையிடுகிறவர் ஆட்சியின் ஒழுங்கை ஏற்றுத்தான் தொடங்குகிறார். அந்த ஒழுங்கையே கையில் எடுத்துக்கொண்டு, நீ சொன்னதை நீ செய்தாயா என்று கேட்டு முடிக்கிறார். கூக்குரலுக்கு இரங்கினால் போதும், முறைப்பாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

கணக்கு என்ற சொல்லை உவமையாகச் சொல்லவில்லை. 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது, ஆயர் இராயப்பு யோசேப்பு அதன் முன் ஒரு அறிக்கையை வைத்தார். 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். இது முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் எண்ணிக்கை. அதன்பின் போர் முடியும்வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்பதே அவர் கேட்டது. கொல்லப்பட்டார்கள் என்று அவர் அந்த எண்ணை எழுதவில்லை. அரசின் ஏட்டிலிருந்து ஒரு எண், ஐ.நா. ஏட்டிலிருந்து இன்னொரு எண், நடுவில் ஒரு கேள்வி. நான் அறிந்த முறைப்பாடுகளில் சொல்லின் முழுப் பொருளுக்கு இவ்வளவு நெருங்கியது வேறில்லை. கச்சேரி எண்களே போர்க்காலத்தில் பெருக்கப்பட்டவை, நிவாரணத்துக்காக ஊதிக் காட்டப்பட்டவை என்ற வாதம் உண்டு. அப்படியே இருக்கட்டும், எண் பிழையென்றால் சரியான எண்ணைத் தர வேண்டியது ஏட்டை வைத்திருப்பவர். கேள்வி அப்போதும் செல்லுபடியாகும். நடந்தது வேறு. 2012 மே மாதம் குற்றப் புலனாய்வுத் துறையினர் ஆயரிடமே போய், இந்த எண் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்கள். முறைப்பாட்டாளர் விசாரிக்கப்படுபவராக மாறினார். கேட்க வேண்டியவர் திருப்பிக் கேட்கும்போது முறைப்பாடு சொல்லளவில் மட்டுமே முறைப்பாடு. அவர் 2021 ஏப்பிரலில் காலமானார்.

காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் தன் முதற் சந்திப்புகளைத் தொடங்கியதும் மன்னாரில்தான். வந்த தாய்மாரில் பலர் அதற்குமுன் பொலிஸ், செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு என்று ஒவ்வொரு வாசலிலும் அதே பெயரை, அதே திகதியை எழுதிக் கொடுத்தவர்கள். ஒரே முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதும் அதை ஏற்க மறுக்கும் ஒரு வழிதான். துண்டுச்சீட்டு கிடைக்கும், பதில் கிடைக்காது. எழுதும் மொழி இதை இன்னும் கடினமாக்கியது. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் தொடங்கி வைத்த பழக்கம், 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்று சொன்ன பின்பும் வடக்கின் பொலிஸ் நிலையங்களில் தொடர்ந்தது. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கீழே ஒப்பமிடச் சொல்வார்கள். தான் சொன்னதுதான் எழுதப்பட்டதா என்று தெரியாமல் ஒப்பமிட்டவருக்கு அந்தத் தாளில் என்ன முறை இருந்தது?

முசலியில் முள்ளிக்குளத்தார் 2007 செப்டெம்பரில் ஊரைவிட்டு எழுப்பப்பட்டார்கள். கடற்படை முகாம் ஊருக்குள் வந்தது. பத்தாண்டு மனுக்களுக்குப் பிறகு, 2017 மார்ச்சில் அவர்கள் முகாம் வாசலிலேயே போய் அமர்ந்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக இருந்தார்கள். ஏப்பிரல் இறுதியில் 100 ஏக்கரை விட ஒப்புக்கொண்டது கடற்படை. ஊரின் பெரும்பகுதி அதன் பின்பும் அதனிடமே இருந்தது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற்று மின்சாரத்துக்காக நிறுத்தப்பட்டன. மழைநீர் வடியாமல் தேங்குகிறது, கரைவலைப்பாடு கெடுகிறது என்று சொன்னவர்களுக்குப் பதில் வரவில்லை. 2025 ஓகஸ்டில் மேலும் காற்றாலைகளுக்கான பாகங்கள் வந்து இறங்கியபோது, சனங்கள் வீதியில் இறங்கி வாகனங்களை மறித்தார்கள். வீதியில் அமர்வது முறைப்பாட்டைக் கைவிடுவது, சட்டத்தைக் கையிலெடுப்பது என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. முள்ளிக்குளத்தாரும் மன்னார்த் தீவினரும் கோரியது புதிய சட்டம் ஒன்றையல்ல. சுற்றாடல் அறிக்கையையும் காணி உறுதியையும் கையில் வைத்துக்கொண்டு, அவற்றில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னார்கள். கச்சேரிக்குள் வைக்க வேண்டிய தாளை ஏற்க ஆளில்லாததால், அதைக் கச்சேரி வாசலில் வைத்தார்கள்.